பாக்கு தாகியேவ் மாளிகை: போய் வந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. அடுத்த மாதம் அப்பாவை அஜர்பைஜான் தலைநகர் பாக்குவுக்குக் கூட்டிப் போகிறேன். எண்ணெய்க் கிணறுகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்காகவே தாகியேவ் மாளிகைக்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறேன்.

ஹாஜி ஜெய்னலாப்தீன் தாகியேவ் செருப்புத் தைப்பவரின் மகன். சின்ன வயதில் கொத்து வேலைக்குப் போனவர். பிறகு அவர் நிலத்தில் எண்ணெய் பீறிட்டது, ஊரின் பெரும் பணக்காரர்களில் ஒருவரானார். போலந்துக் கட்டடக் கலைஞர் கோஸ்லாவ்ஸ்கி வடிவமைத்த இந்த வீடு 1902-இல் முடிந்தது. அதற்கு முந்தின வருடம்தான் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்கென்று பாக்குவில் பள்ளி திறந்தார். எனக்கு மாளிகையைவிட அதுதான் பெரிதாகத் தெரிகிறது. 1920-இல் சோவியத் ஆட்சி வந்ததும் வீடு பறிபோய், வரலாற்று அருங்காட்சியகம் ஆனது.

சரி, என் கேள்விகளுக்கு வருகிறேன். தாகியேவ் குடும்பம் வாழ்ந்த அறைகளுக்கும், தொல்பொருள், நாணயம், கம்பளம் வைத்திருக்கும் கூடங்களுக்கும் ஒரே டிக்கெட்டா? அப்பாவுக்கு முழங்கால் வலி. லிஃப்ட் உண்டா, நடுவில் உட்கார இடம் இருக்குமா? ஆங்கிலத்தில் விளக்கிச் சொல்லும் வழிகாட்டி அங்கேயே கிடைப்பாரா, முன்பே பதிவு செய்யணுமா? அப்புறம் முக்கியமாக, அந்தக் கால எண்ணெய்த் தொழிலாளர்களைப் பற்றிய படங்கள், கருவிகள் எந்தக் கூடத்தில் இருக்கின்றன? அப்பா அதைத்தான் தேடுவார். முதலில் அங்கேயே அழைத்துப் போக ஆசை.