மஹிந்திரா தாருக்குப் பின்பக்க இரும்பு பம்பர்: போடலாமா, வேண்டாமா?

ஓடைக்கல்:
போன ஞாயிறு ஆனைகட்டிப் பக்கம் ஒரு தோட்டத்துக்குள் ஆறு வண்டிகளாகப் போனோம். என்னுடையது 2021 தார் டீசல். ஓடையில் இறங்கி ஏறும்போது மூக்கு மேலே போனதும் பின் பம்பரின் இடது மூலை கல்லில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் கிழிந்து தொங்கிவிட்டது. கோவையில் ஒரு பட்டறையில் 3 மி.மீ. தகட்டில் முழு பம்பர், ஸ்டெப்னி தாங்கும் கை, இழுக்கும் கயிற்றின் கொளுவியை (ஷேக்கிள்) மாட்ட இரண்டு ஷேக்கிள் காது, எல்லாம் சேர்த்து 40 கிலோ வரும் என்கிறார்கள். போடலாமா?

பட்டறைக்காரன்:
தாராளமாகப் போடுங்க தம்பி. பிளாஸ்டிக் பம்பர் ரோட்டுக்குச் செய்தது. இரும்பு பம்பரில் மூலையை மேலே வெட்டி வளைத்துவிடுவதால் அதே கல்லில் வண்டி உட்காராது, உட்கார்ந்தாலும் பெயின்ட்தான் போகும். பெரிய டயர் போடும் எண்ணம் இருந்தால் ஸ்டெப்னி கனத்தை டெயில்கேட் (பின்கதவு) கீலிலிருந்து எடுத்துவிடுவது இன்னும் நல்லது. ஒன்று மட்டும்: கொத்திக் கொத்தி அடித்த டேக் வெல்டிங்கில் நிற்கும் பம்பர் வேண்டாம், முழு நீள வெல்டிங் கேளுங்க.

மலைப்பாதை:
கனத்தைப் பற்றி யாருமே பேசவில்லையே. தாரின் வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம், 2,450 மி.மீ. பம்பர் பின் அச்சுக்கு ஒரு 75 செ.மீ. பின்னால் தொங்குகிறது என்று வையுங்கள். 40 கிலோவை அங்கே மாட்டினால் பின் அச்சில் ஏறுவது 40 இல்லை, ஏறக்குறைய 52 கிலோ, அந்த 12 கிலோ முன் அச்சிலிருந்து கழிகிறது. செங்குத்து மேட்டில் முன்சக்கரம் பிடிக்காமல் சுற்றுகிறது என்று புலம்புகிறவர்கள் அதையே இன்னும் லேசாக்கிக்கொள்வானேன்? ஸ்டெப்னியையும் அந்தக் கைக்கு நகர்த்தினால் அது இன்னும் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிப் போகும். காயில் (சுருள்) ஸ்பிரிங் தாழ்ந்தால் கம்பெனி கொடுத்த 36 டிகிரிச் சொச்சம் புறப்பாட்டுக் கோணமும், அதாவது வண்டியின் பின்பக்கம் தரையில் இடிக்காமல் இறங்கக்கூடிய சரிவும், குறையும். கோணத்துக்காகப் பம்பர் மாற்றி, கனத்தால் கோணத்தை இழப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பட்டறைக்காரன்:
கணக்கு சரி, ஆனால் பாதிதான். மூலையை வெட்டினால் ஏழெட்டு செ.மீ. உயரம் கிடைக்கும், ஸ்பிரிங் தாழ்வது அதில் ஒரு சிறு பங்கு. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலை ஏறும் ஜீப்புகளைப் பாருங்க, அத்தனையும் இரும்புதான், தினமும் ஏறி இறங்குகின்றன.

மலைப்பாதை:
அண்ணா, அந்தப் பழைய ஜீப்புகளுக்குப் பின்னால் பட்டை ஸ்பிரிங். ஒரு கட்டு இரும்பு கூடினால் அதற்குத் தெரியாது. இவருடையது காயில். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசாதீர்கள்.

நாற்சக்கரி:
சட்டத்தையும் பாருங்கள் தம்பி. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வண்டி முன்னால் மாட்டும் இரும்புக் காப்புக் கம்பிகளை (புல் பார்) கழற்றச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியதும் இதே பிரிவை வைத்துத்தான். அபராதத்தைவிட எனக்குப் பெரிய கவலை பின்னால் பைக்கில் வருபவர். சடன் பிரேக் போட்டால் பிளாஸ்டிக்கில் மோதுபவருக்கும், கூர் விளிம்புள்ள 3 மி.மீ. தகட்டில் மோதுபவருக்கும் அடி ஒன்றா?

பட்டறைக்காரன்:
அக்கா, அதே பிரிவு ‘மாற்றம்’ என்றால் வண்டியின் அடிப்படை அம்சமே மாறும்படி கட்டமைப்பை மாற்றுவது என்றும் விளக்குகிறது. போல்ட்டில் கழற்றி மாட்டும் பம்பர் அதில் வருமா என்பதில் வாதம் இருக்கிறது. விளிம்பு பற்றிச் சொன்னது நியாயம். மடித்து உருட்டாத விளிம்போடு என் பட்டறையிலிருந்து வண்டி போகாது.

நாற்சக்கரி:
வாதத்தை நடுரோட்டில் சப்-இன்ஸ்பெக்டரிடமா செய்வது? விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரரும் இதே கேள்வியைக் கேட்பார். போடுவதானால் முதலில் அவர்களிடம் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

மலைப்பாதை:
எனக்கு இதில் உண்மையான பயம் அந்த ஷேக்கிள் காது. ஷேக்கிளில் 4.75 டன் என்று பொறித்திருக்கும், அது ஷேக்கிளின் கணக்கு. அச்சு வரை சேற்றில் புதைந்த வண்டியை இழுக்கும்போது வரும் விசை வண்டியின் எடையைத் தாண்டும். முகத்தகட்டில் வெறுமனே ஒட்டிய காது பிய்ந்தால் கயிற்றோடு பறந்து அடுத்த வண்டிக் கண்ணாடிக்குள்தான் போகும். ட்ரெய்லர் உருண்டையில் கயிறு மாட்டி, அது உடைந்து பறந்து ஆஸ்திரேலியாவில் உயிர்களே போயிருக்கின்றன.

பட்டறைக்காரன்:
இதில் உங்களோடு நிற்கிறேன். காது முகத்தகட்டைத் துளைத்து உள்ளே போய், சேசிஸ் நீளக் கம்பத்துக்கு நேராக நிற்கும் பிராக்கெட்டில் வெல்ட் ஆகியிருக்க வேண்டும், முன்னும் பின்னும் வெல்டிங். பிராக்கெட் குறைந்தது 6 மி.மீ., போல்ட் 10.9 கிரேடு, முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் முறுக்கணும். 100 கி.மீ. ஓடியபின் மறுபடி ஒரு தடவை. சேசிஸில் நேரடியாக வெல்டிங் அடிக்கிறேன் என்று எவனாவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்க. பெட்டி மாதிரி மூடிய இடங்களில் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை கேளுங்க, இல்லையென்றால் சேறு உள்ளே தங்கி இரண்டே மழையில் துரு. நம்பர் பிளேட் விளக்கு, ரிஃப்ளெக்டர், சென்சார் மூன்றும் பழைய உயரத்திலேயே வரட்டும்.

ஓடைக்கல்:
எல்லாருக்கும் நன்றி. இன்று பட்டறைக்குப் போய்க் காது எங்கே வெல்ட் ஆகிறது என்று கேட்டேன். ‘முகத்தகட்டில்தான், அதெல்லாம் தாங்கும் சார்’ என்றார். ஆர்டரை நிறுத்திவிட்டேன். இப்போதைக்குக் கிழிந்த மூலையைச் சுத்தமாக வெட்டி ரப்பர் பீடிங் போட்டு, சேசிஸ் முனையில் வண்டியை இழுக்கக் கயிறு மாட்டும் ரெகவரி பாயிண்ட் ஒன்றே ஒன்று மட்டும் போல்ட்டில் மாட்டலாம் என்றிருக்கிறேன். ஆறேழு கிலோ ஆகும். ஸ்டெப்னி டெயில்கேட்டிலேயே இருக்கட்டும், டயர் மாற்றவில்லை.

மலைப்பாதை:
நல்ல முடிவு.

பட்டறைக்காரன்:
வெட்டின மூலை அடுத்த கல்லுக்கும் கிழியும், அப்போது இரும்புக்கு வருவீங்க, நான் மாறப்போவதில்லை. ஆனால் அந்தப் பிராக்கெட்டை முறுக்குவதற்கு முன் ஒரு போட்டோ போடுங்க, சேசிஸ் ஓட்டையில் உள்ளே ஸ்லீவ் (போல்ட் முறுக்கும்போது கம்பம் நசுங்காமல் தாங்கும் குழாய்) இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.