வெல்டிங் செய்த குழாயின் எஞ்சிய தகைவை வெளிப்புறத்தில் மட்டும் அளந்தால் போதுமா?

கேள்வி:
273 மி.மீ. வெளிவிட்டமும் 12.7 மி.மீ. சுவர்த் தடிமனும் கொண்ட கார்பன் எஃகுக் குழாய்களை வட்ட வெல்டிங் மூலம் இணைத்து, எஃகில் விரிசல் உண்டாக்கக்கூடிய ஹைட்ரஜன் சல்பைடு கலந்த வாயு செல்லும் பாதையில் பொருத்தவிருக்கிறோம். ஸ்ட்ரெஸ் ரிலீவிங் (தகைவைத் தளர்த்தச் சூடேற்றி ஆறவிடுவது) முடிந்துவிட்டது. கடினத்தன்மையும் விக்கர்ஸ் அளவுகோலில் 250-க்குக் கீழேயே இருக்கிறது. எனினும், எஞ்சிய தகைவு (வெல்டு குளிர்ந்த பிறகும் உலோகத்துக்குள் தங்கிவிடும் உள்விசை) குறைந்திருப்பதை அளந்து காட்டுமாறு வாடிக்கையாளர் கேட்கிறார். குழாயை வெட்டாமல், வெளிப்பரப்பில் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு முறையில் (அணு அடுக்குகளின் இடைவெளி மாற்றத்திலிருந்து தகைவை அறிவது) அளந்தால் போதுமா?

பதில் 1:
போதாது. குரோமியம் குழலிலிருந்து வரும் எக்ஸ் கதிர் எஃகில் சில மைக்ரான் ஆழம் வரையே எட்டும். கிரைண்டிங் செய்த பரப்பில் அது காட்டுவது பெரும்பாலும் கிரைண்டிங் விட்டுச்சென்ற தகைவைத்தான். மின்வேதி முறையில் மேலடுக்கை அரித்து நீக்கிவிட்டு அளந்தாலும் அடிப்படைச் சிக்கல் தீராது. மெல்லிய சுவர்க் குழாயில் வெல்டு குளிரும்போது அதன் சுற்றளவு சுருங்கி, கயிற்றால் இறுக்கியது போல அவ்விடத்தை உள்நோக்கி இழுக்கிறது. அதனால் உண்டாகும் வளைவு, குழாயின் நீளவாக்கில் உட்புற வேர்ப்பகுதியில் (வெல்டின் அடிப்பகுதி) இழுவிசைத் தகைவையும் வெளிப்புறத்தில் அமுக்கத் தகைவையும் ஏற்படுத்துகிறது. வாயு படுவதோ உட்புறத்தில். விரிசல் தொடங்குவதும் அங்கேதான். ஆகவே வெளியில் கிடைக்கும் அமுக்கத் தகைவை நற்சான்றாகக் கொள்வது ஆபத்தானது.

பதில் 2:
மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். கடினத்தன்மை எண்ணும் தகைவின் அளவைச் சொல்வதில்லை. ஏஎஸ்டிஎம் இ837 என்ற சோதனைத் தரநிலை விவரிக்கும் துளையிடும் முறையில், ஸ்ட்ரெயின் கேஜ் ரோசெட்டின் (பரப்பில் ஒட்டி, பல திசைகளில் திரிபை, அதாவது நுண்ணிய நீள மாற்றத்தை, அளக்கும் உணரித் தொகுதி) நடுவே சிறு துளையிட்டு, அப்போது தளரும் திரிபிலிருந்து தகைவைக் கணக்கிடலாம். வழக்கமான கேஜில் ஏறத்தாழ 1 மி.மீ. ஆழம் வரையான விவரம் கிடைக்கும். தகைவு ஈல்டு வலிமையின் (எஃகு நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவு) 80 சதவீதத்தைத் தாண்டினால் துளையைச் சுற்றி எஃகு நிரந்தரமாக உருமாறி, கணக்கு உண்மையைவிட மிகுதியாகக் காட்டும். மேலும், அழுத்தம் தாங்கும் பாதையில் துளையிட வாடிக்கையாளரின் அனுமதி தேவை.

பதில் 3:
அதே வெல்டிங் நடைமுறையில், அதே வெப்பச் சுழற்சியில் ஒரு மாதிரி இணைப்பைச் செய்து அதை வெட்டி அளப்பதையே நான் பரிந்துரைப்பேன். இங்கே பலரும் கவனிக்காதது மாதிரியின் நீளம்: சராசரி ஆரம் 130 மி.மீ. என்பதால் 2.5√(ஆரம் × தடிமன்) ஏறத்தாழ 100 மி.மீ. ஆகிறது, வெல்டின் இருபுறமும் அதற்குக் குறையாமல் குழாய் இருக்க வேண்டும், இல்லையேல் அளப்பதற்கு முன்பே தகைவின் ஒரு பகுதி தளர்ந்துவிடும். முதலில் வேர்ப்பகுதியை ஒட்டி உட்புறத்தில் ஸ்ட்ரெயின் கேஜ்களை ஒட்டிவிட்டுப் பிறகு வெட்டுங்கள். ஸ்ட்ரெஸ் ரிலீவிங் செய்யாத இன்னொரு மாதிரியையும் இதே முறையில் அளந்து, இரண்டு அளவுகளையும் சேர்த்தே வாடிக்கையாளரிடம் கொடுங்கள்.