மாசம் 99 வைக்கலாமா 199 வைக்கலாமா?

மதுரக்காரன்:
குரூப் 4 மாதிரித் தேர்வு ஆப் ஒண்ணு ரெடி பண்ணிருக்கேன், வாரம் மூணு டெஸ்ட்டு, விடை விளக்கத்தோட. சந்தா எவ்ளோ வைக்கறதுன்னுதான் மண்டை காயுது. 99னா சர்வர் செலவுக்கே சரியாப் போயிடும், 199னா பசங்க டெலிகிராம்ல ஓசி பிடிஎஃப் தேடிப் போயிடுவாங்க. யாராச்சும் அனுபவம் இருந்தா சொல்லுங்கப்பா.

டீக்கடை பெஞ்ச்:
ப்ரோ, 99ல கூகுள் பிளே 15% எடுத்துக்கும், கைக்கு வர்றது 84 சொச்சம்தான். வருஷத்துக்கு 20 லட்சம் தாண்டுச்சுன்னா 18% ஜிஎஸ்டி வேற இருக்கு (தாண்டட்டும், சந்தோஷம்தான்).

வெயிலான்:
நெட்ஃபிளிக்ஸே 2021 டிசம்பர்ல பேசிக் பிளானை 499லேர்ந்து 199க்கு இறக்குனான், நம்மூர் பர்ஸ் அப்படி. ஆனா உங்க கேஸ் வேற, எக்ஸாம் முடிஞ்ச மறுநாளே எல்லாரும் கேன்சல் பண்ணிருவாங்க, அதனால மாசக் கணக்கே வேணாம், தேர்வு நாள் வரைக்கும் 399னு ஒரே பாஸா போடுங்க, முதல் 5 டெஸ்ட்டு ஃப்ரீயா விடுங்க.

மதுரக்காரன்:
அட, இது தோணவே இல்லயே. தேர்வு தேதி தள்ளிப் போச்சுன்னா?

வெயிலான்:
பாஸும் சேந்து தள்ளிப் போகும்னு முன்னாடியே போட்ருங்க, இல்லேன்னா ரிவ்யூல கிழிச்சிருவாங்க :)