17 வயது மாணவி 'யார்கிட்டயும் சொல்லாதீங்க' என்றால்: போக்சோ புகாரா, ரகசியமா?

திண்ணை: பள்ளி ஆலோசகரிடம் 17 வயது மாணவி வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். 19 வயதுப் பையனுடன் விரும்பியே பழக்கம். நாள் தள்ளிப்போயிருக்கிறது. வீட்டுக்குத் தெரிந்தால் அடி, அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம். ஆலோசகர் என்ன செய்யணும்?

கோப்புக்காரன்: புகார்தான். 18-க்குக் கீழே சம்மதம் என்ற பேச்சே போக்சோவில், அதாவது சிறாரைப் பாலியல் குற்றத்திலிருந்து காக்கும் சட்டத்தில், கிடையாது. தெரிந்தால் புகார் கொடுத்தே ஆகணும் என்கிற 19-வது பிரிவு எல்லாரையும் கட்டுப்படுத்தும். தெரிந்தும் சொல்லாவிட்டால் 21-வது பிரிவில் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வக்கீலுக்கு இருக்கிற ரகசியப் பாதுகாப்பு ஆலோசகருக்கு இல்லை.

வைகை: புகாருக்குப் பயந்த பெண் ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டாள். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டு, ரத்தப்போக்கு நிற்காத பிறகுதான் வருவாள். இதை உணர்ந்துதான் 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியின் பெயரை மருத்துவர் போலீசுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்றது. அதே டிசம்பரில் தமிழ்நாடு டிஜிபியும் காதல் வழக்குகளில் அவசரக் கைது வேண்டாம் என்று சுற்றறிக்கை விட்டார்.

கோப்புக்காரன்: தீர்ப்பை முழுசாகப் படியுங்கள் மேடம். தகவல் கொடுத்தே ஆகணும். பெயருக்கு மட்டும்தான் விலக்கு. அதுவும் மருத்துவருக்கு, சிறுமியும் பாதுகாவலரும் சேர்ந்து கேட்டால். இங்கே பாதுகாவலர்தானே ஆபத்து! சுற்றறிக்கை கைதைப் பற்றியது, புகாரைப் பற்றியது அல்ல.

வைகை: சரி, அதில் நீங்கள் சொல்வதுதான் சரி. ஆனால் புகார் கொடுத்ததோடு கை கழுவிவிட்டால், அன்று சாயங்காலமே அவள் போன் பிடுங்கப்படும், படிப்பு நிற்கும். அதற்கு யார் பொறுப்பு?

மரப்பாச்சி: நீங்கள் இருவரும் சண்டை போடுவது கடைசிக் கட்டத்தில். முடிவு எடுக்க வேண்டியது அவள் வாய் திறப்பதற்கு முன்னால். "நீ சொல்றது எங்கிட்டயே இருக்கும். உனக்கு ஆபத்து, இல்ல பாலியல் விஷயம்னா மட்டும் நான் வெளியே சொல்லியாகணும்" என்பதை முதல் நாளே சொல்லணும். அழுது கொட்டிய பிறகு சொன்னால் அது துரோகம்.

புகார் என்றானால், முதலில் அவளிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். வழக்கமாகக் கெடுவது எங்கே தெரியுமா? ஹெச்.எம். முதல் வேலையாக அப்பாவுக்குப் போன் போடுவதில். குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ சிறார் காவல் பிரிவுக்கோ தகவல் போய்ச் சேரும்வரை வீட்டுக்கு அழைப்பு போகக்கூடாது. புகாரில் "வீட்டில் பாதுகாப்பு இல்லை" என்று காரணத்தோடு தனி வரியாக எழுதுங்கள். 24 மணி நேரத்துக்குள் போலீஸ் காப்பகமோ மருத்துவமனையோ ஏற்பாடு செய்வது அதை வைத்துத்தான். வாக்குமூலம் அவள் விரும்பும் இடத்தில் எடுக்கலாம், 24-வது பிரிவு இடம் கொடுக்கிறது. கேட்காவிட்டால் நேரே வீட்டுக்குத்தான் போவார்கள். சீருடை கூடாது, இயன்றவரை பெண் எஸ்.ஐ. பதிவேட்டில் அவள் சொன்ன சொல்லையே எழுதணும். 'காதல் விவகாரம்' என்பது உங்கள் தீர்ப்பு, அவள் வார்த்தை அல்ல.

வைகை: அந்த முதல் நாள் வாக்கியத்தைக் கேட்ட பிள்ளை வாயே திறக்காது. அப்புறம் அது ஆலோசனை அறையா, ஸ்டேஷன் வராண்டாவா?

மரப்பாச்சி: திறக்காமலும் போகலாம். அதனால்தான் கேட்காமலே வகுப்பு முழுக்கச் சொல்லிவைக்கணும்: நாள் தள்ளினால் எத்தனை நாளில் பரிசோதனை, எங்கே போகலாம், 1098 எதற்கு என்று.

கோப்புக்காரன்: "என் ஃப்ரெண்டுக்கு மேடம்" என்று வந்து பெயரும் சொல்லிவிட்டால்? அப்போதும் 19-வது பிரிவுதான்.

வைகை: பெயர் சொல்லாமல் கேட்கலாம் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுவேன்.