‘கிருஷ்ணகிரி’ என்று வைஃபைக்குப் பெயர் வைக்க முடியவில்லை, ஏன்?

பழையபேட்டை மகன்:
வணக்கம். வீடு கிருஷ்ணகிரி பழையபேட்டையில். எனக்கு ஓசூரில் வேலை, ஞாயிறு மட்டும்தான் வீட்டில் இருப்பேன். அப்பாவுக்கு 71 வயது. தமிழ் நாளிதழை ஒரு வரி விடாமல் படிப்பார், ஆங்கில எழுத்து தெரியாது. அவர் போனில் வைஃபை பட்டியலைத் திறந்தால் அக்கம்பக்கத்து வீடுகளும் சேர்ந்து ஒன்பது பெயர் வரும். எல்லாம் ஆங்கிலமும் எண்ணும்தான். இணைப்பு விட்டுப்போனால் எது நம்முடையது என்று எனக்குப் போன் போட்டுக் கேட்பார். “கடைசியில் எஃப் இருக்கும் பாருங்கப்பா” என்பேன். அந்த எஃப் எப்படி இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

போன ஞாயிறு ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் (192.168.1.1) நுழைந்து ‘கிருஷ்ணகிரி’ என்று மாற்றிப் பார்த்தேன். பெயர் நீளமாக இருக்கிறது என்று ஏற்க மறுக்கிறது. கி, ரு, ஷ், ண, கி, ரி, மொத்தமே ஆறு எழுத்து! பழைய ஆங்கிலப் பெயரில் 15 எழுத்து இருந்தது. இது என்ன கணக்கு? அப்புறம், ஒரே ரவுட்டருக்கு ஏன் இரண்டு பெயர் வருகிறது?

தகடூரான்:
தம்பி, நான் தருமபுரியில் வீடு வீடாக ரவுட்டர் மாட்டுகிறவன். வைஃபை பெயருக்கு உச்ச அளவு 32 பைட். பைட் என்பது கருவி எழுத்தைச் சேமிக்கும் இடத்தின் அளவு. ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். ‘கி’ நமக்கு ஓர் எழுத்து, கருவிக்குக் ‘க’ தனி, மேலே உள்ள சுழி தனி. ‘ஷ்’ என்றால் புள்ளிக்கும் தனியாக 3. அப்படி எண்ணினால் உங்கள் ஊர்ப்பெயரில் 11 குறி, 33 பைட். ஒரே ஒரு பைட் கூடுதல்! எங்கள் ‘தருமபுரி’ 8 குறி, 24 பைட், தாராளமாக உட்காரும்.

இரண்டு பெயர் ஏன் என்றால், ரவுட்டருக்குள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை இருக்கிறது. 2.4 சுவர் தாண்டித் தூரம் போகும், 5 பக்கத்தில் வேகமாகக் கிடைக்கும். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு வைத்தால் போனே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். அப்பாவுக்கு அதுதான் நல்லது.

பெயர் என்பது வீட்டு வாசலில் மாட்டிய பலகை மாதிரி. ரவுட்டர் அதை நொடிக்குப் பத்து முறை போல அறிவித்துக்கொண்டே இருக்கும். மாற்றினால் போனுக்கு அது புது வீடு, பாஸ்வேர்டை மறுபடி போட வேண்டும்.

ஊத்தங்கரை டீச்சர்:
ஒரு அனுபவம் சொல்கிறேன் தம்பி. நானும் தமிழில் வைத்தேன், போனில் அழகாக வந்தது. ஆனால் பழைய பிரிண்டரின் சின்னத் திரையில் வெறும் கட்டங்கள்தான். அதே ரவுட்டரில் விருந்தினருக்கென்று தனிப் பெயரில் வரும் கெஸ்ட் நெட்வொர்க்கை இயக்கி, பிரிண்டருக்கு மட்டும் ஆங்கிலப் பெயர் கொடுத்தேன், சரியாகிவிட்டது. இன்னொன்று, பெயரை மறைத்து வைத்தால் பாதுகாப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். போன் இணையும்போது அந்தப் பெயர் காற்றில் வெளிப்படையாகவே போகும். வலுவான பாஸ்வேர்டுதான் காவல்.

பழையபேட்டை மகன்:
தகடூர் அண்ணா, டீச்சர், இருவருக்கும் ரொம்ப நன்றி. இன்று வீட்டுக்கு வந்ததும் என்ன பெயர் வைக்கலாம் என்று அப்பாவிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ‘மாந்தோப்பு’ என்றார். பேப்பரில் குறி குறியாக எழுதி எண்ணினேன்: 10 குறி, 30 பைட். ஏறிவிட்டது! இரண்டு அலைவரிசைக்கும் அதே பெயர்தான். பாஸ்வேர்டும் எண்களாகவே நீளமாக வைத்துவிட்டேன், அவரே போட்டுக்கொள்ளலாம். போனில் பட்டியலைத் திறந்து கொடுத்தேன். கண்ணாடி கூடப் போடாமல் விரலை நேராக அதன் மேல் வைத்தார்.