மைக்கை நீட்டியதும் ஆளே மாறிவிடுகிறார் – ரேடியோ பேட்டி எடுப்பவர்கள் உதவுங்களேன்

உப்பளம்வாசி (புதுச்சேரி):

எல்லோருக்கும் வணக்கம். இங்கே ஒரு சமுதாய வானொலியில் பகுதி நேரமாக நிகழ்ச்சி செய்கிறேன். வாரம் ஒரு பேட்டி, கால் மணி நேரம். பிரபலங்கள் கிடையாது. இட்லிக்கடை அம்மா, பஞ்சர் கடைக்காரர், தையல்காரர் என்று கஷ்டப்பட்டு ஒரு நிலைக்கு வந்த ஆட்கள்தான். வேலை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. சம்பளத்தைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.

இரண்டு சிக்கல்.

ரோடியர் மில்லில் தறி ஓட்டிய பெரியவர் ஒருவர். 2020-இல் மில்லை ஒரேயடியாக மூடிய பிறகு டீக்கடை போட்டிருக்கிறார். பேட்டிக்கு நாள் கேட்கப் போனபோது பாய்லர் பக்கத்தில் நின்றபடியே பிரமாதமாகப் பேசினார். தறிக் கொட்டகையில் பக்கத்து ஆள் பேசுவது காதில் விழாதாம், உதட்டசைவைப் பார்த்துத்தான் பேச்சு வார்த்தை எல்லாம். அந்தப் பழக்கத்தில் இன்றைக்கும் வீட்டில் கத்தித்தான் பேசுகிறார். பேத்தி காதைப் பொத்திக்கொள்கிறாள். ஆனால் கடைக்கு எதிரே பைக்கை நிறுத்துகிறவர் வாயை அசைத்தாலே போதும், சர்க்கரை கம்மியா, ஸ்ட்ராங்கா என்று தெரிந்து டீ தயாராகிவிடும். இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

பேட்டிக்குப் போன அன்று ரெக்கார்டரில் சிவப்பு விளக்கு எரிந்ததுதான் தாமதம், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, "எளிய குடும்பத்தில் பிறந்த நான் எண்ணற்ற இன்னல்களைச் சந்தித்து..." என்று ஆரம்பித்துவிட்டார். அந்தக் கத்தல் குரலும் காணாமல் போய்விட்டது. பேத்தி கதையை நானே எடுத்துக் கொடுத்தும், "ஆமாம், அதுவும் உண்டு" என்று முடித்துவிட்டார்.

இரண்டாவதுதான் சங்கடம். பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் ஒரு அம்மா. நன்றாகப் பேசினார். பேச்சு வாக்கில் வீட்டுக்காரரின் குடி, மகளின் கம்மல் அடகுக்குப் போனது, தண்டல்காரன் வாசலில் வந்து நின்றது எல்லாம் வந்துவிட்டது. அழுதும் விட்டார். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்தும் போட்டார். அந்த வாரத்திலேயே மகன் போன் செய்து, "அப்பாவைப் பத்தி வர்றதை மட்டும் எடுத்துடுங்க மேடம்" என்றான். நிலையத்தில் எனக்கு மேலே இருப்பவரோ, "அதை எடுத்துட்டா நிகழ்ச்சியில என்ன மிச்சம்? கையெழுத்துதான் இருக்கே" என்கிறார். கூடவே, முடிவில் அவர் ஜெயித்ததைச் சொல்லச் சொல்லி ஒரு வரி வாங்கி வா என்கிறார். அந்த அம்மா இன்னும் தண்டல் கட்டிக்கொண்டிருக்கிறார். என்னத்தை ஜெயித்தார் என்று சொல்லச் சொல்வது?

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கெடிலக்கரை (கடலூர்):

தங்கச்சி, நான் அரசு வானொலியில் தயாரிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஸ்பூல் காலத்து ஆள். தோளில் ஊஹர் என்ற டேப் ரெக்கார்டரை மாட்டிக்கொண்டு கிளம்புவோம். அதில் ஐந்து அங்குல ஸ்பூல், அதாவது டேப் சுற்றின சக்கரம். நொடிக்கு ஏழரை அங்குல வேகத்தில் ஓடவிட்டால் ஒரு பக்கம் கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். டேப் விலை கூடின பொருள், கணக்குக் காட்ட வேண்டும். அதனால் போனதும் பட்டனை அமுக்க மாட்டோம். திண்ணையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசி, ஆள் சகஜமான பிறகுதான் ஸ்பூல் சுற்றும். இப்போது கார்டில் நாள் முழுக்கப் பதிவு செய்யலாம் என்பதால் எல்லோரும் வாசலிலேயே மைக்கை நீட்டுகிறார்கள்.

"என்ன கஷ்டம் பட்டீங்க" என்று கேட்கவே வேண்டாம். அப்படிக் கேட்டால் மேடைப் பேச்சுதான் வரும். அவரும் நாலு பட்டிமன்றம் கேட்டவர்தானே. வேலையைக் கேளுங்கள். மில்காரரிடம், ஓடுகிற தறியில் இழை அறுந்தால் எப்படித் தெரியும், நைட் ஷிப்டில் தூக்கம் வந்தால் என்ன செய்வீர்கள், முதல் நாள் டீக்கடையில் எத்தனை லிட்டர் பால் வாங்கினீர்கள், மிஞ்சியதை என்ன செய்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். மிஞ்சின பாலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் மில்லை மூடின துக்கம் தானாக வந்து சேரும். வரவில்லை என்றாலும் பரவாயில்லை, பால் கதையே நல்ல கதைதான். அப்புறம், அவரை நாற்காலியில் உட்கார வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கை சும்மா இருந்தால் வாய் விறைத்துவிடும். கிளாஸ் கழுவிக்கொண்டே பேசட்டும்.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். பண்ருட்டி பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. அங்கே ஒரு முந்திரி விவசாயியைப் பேட்டி எடுத்தேன். இழப்பு எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. விழுந்து கிடந்த ஒரு பலாவைக் காட்டி, இது யார் வைத்தது என்று மட்டும் கேட்டேன். அவர் பாட்டி வைத்ததாம். எந்தக் கிளைப் பழம் தங்கைக்கு, எந்தக் கிளைப் பழம் சம்பந்தி வீட்டுக்கு என்று வீட்டில் பாகம் பிரித்து வைத்திருந்திருக்கிறார்கள். அவர் ஒவ்வொரு கிளையாகத் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொண்டே போனார். அழவில்லை. எனக்குத்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

கொஞ்ச நாளிலேயே, "மீண்டு வந்த விவசாயி" என்று இன்னொரு பேட்டி எடுத்துத் தரச் சொன்னார்கள். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. 3 ரக ஒட்டுக்கன்றையே நட்டாலும் முந்திரி காய்ப்புக்கு வர மூன்று வருஷம் வேண்டும். பலாக்கொட்டையைப் போட்டு முளைக்க வைத்தால் ஏழெட்டு வருஷம். அதற்குள் எப்படி மீள்வது? கன்று நட்டதை மட்டும் பதிவு செய்து, "இது காய்க்கிற வரைக்கும் கூலிக்குப் போறேன்" என்று அவர் சொன்ன இடத்திலேயே நிறுத்திவிட்டேன். உங்கள் மீன்கார அம்மாவின் நிகழ்ச்சியையும் தண்டல் இன்னும் போகிறது என்ற இடத்திலேயே முடியுங்கள்.

மகன் கேட்டதை யோசிக்காமல் வெட்டிவிடுங்கள். கையெழுத்து நிலையத்தின் பாதுகாப்புக்காக, அந்த அம்மாவின் பாதுகாப்புக்காக அல்ல. இன்னொன்றும் இருக்கிறது. சமுதாய வானொலி பொதுவாக 100 வாட்தான். பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான் போகும். அந்தச் சுற்றளவுக்குள்தான் அவர் வீட்டுக்காரர், தண்டல்காரர், மகளைப் பெண் பார்க்க வரப்போகிறவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். பெயரை மாற்றிப் போட்டாலும் மார்க்கெட்டில் தினமும் கூவுகிற குரலைத் தெரியாதா? டெல்லியில் ஒலிபரப்பாகிற பேட்டியில் இந்தத் தொல்லை கிடையாது. நமக்கு உண்டு.

ஒலிப்பதிவுக்காரன்:

மேடம், கெடிலக்கரை ஐயா சொன்னதற்கு மேலே டெக்னிக்கலாக மட்டும் கொஞ்சம்.

டீ குடிக்க உட்காரும்போதே, "இப்பவே ஆன் பண்ணிடுறேன் ஐயா, வேண்டாததை அப்புறம் எடுத்துடலாம்" என்று சொல்லிவிட்டு ஓடவிடுங்கள். சிவப்பு விளக்கின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டினால் கண் அங்கே போகாது. ஆனால் சொல்லாமல் பதிவு செய்யாதீர்கள், அது தப்பு. பெயர், ஊர், தொழில் எல்லாம் கடைசியில் கேளுங்கள். முதலிலேயே "உங்களை அறிமுகப்படுத்திக்குங்க" என்றால் பாதிப் பேர் சுதந்திர தின உரைக்குப் போய்விடுகிறார்கள்.

அவர் பேசும்போது நீங்கள் "ம்ம்", "அப்படியா" போடாதீர்கள். தலையாட்டினால் போதும். அவர் குரல் மேலே விழுந்த "ம்ம்"மைப் பிரித்து எடுக்கவே முடியாது. மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேரே இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில். மில்காரர் கத்திப் பேசுகிற ஆள் என்பதால் ரெக்கார்டர் மீட்டரில் லெவலை மைனஸ் 12 டெசிபலுக்கு மேல் போகவிடாதீர்கள், சிரித்தால் ஒலி உடைந்துவிடும். கடற்கரைப் பக்கம் என்றால் காலையிலேயே போய்விடுங்கள். மதியம் கடல்காற்று ஏறியதும் மைக்குக்கு உரோம உறை இல்லாமல் ஒன்றும் தேறாது. கிளம்புவதற்கு முன் யாரும் பேசாமல் ஒரு நிமிஷம் அந்த இடத்துச் சத்தத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எடிட்டிங்கில் வெட்டின இடமெல்லாம் அதை வைத்துத்தான் ஒட்ட வேண்டும்.

வில்லியனூர் நேயர்:

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுவதால் மறுபக்கம் சொல்கிறேன். நான் வெறும் நேயர். கடை மூடும் நேரத்தில் ரேடியோ கேட்பவன். ஒருத்தர் அழுது, தெளிந்து, அப்புறம் பேசுவதைக் கேட்டால் எனக்கும் கொஞ்சம் தெம்பாக இருக்கிறது. எல்லாவற்றையும் வெட்டிவிட்டு பால் கணக்கு மட்டும் போட்டால் யார் கேட்பார்கள்? நிலையத்துக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

தேவனாம்பட்டினத்துப் பையன்:

வில்லியனூர் அண்ணன் மன்னிக்கணும். நான் பேட்டி கொடுக்கிற பக்கத்து ஆள்.

டிசம்பர் வந்தால் எங்கள் குப்பத்துக்கு மைக் வரும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் எங்கள் வீடு போனது. அம்மாவிடம் வருஷா வருஷம் அதே கேள்வி: "அலை வந்தப்ப எங்கம்மா இருந்தீங்க?" அம்மாவும் சொல்லிச் சொல்லி, எந்த இடத்தில் அழ வேண்டும் என்பதுகூடப் பழகிவிட்டது. தானே புயல், 2015 வெள்ளம், ஃபெஞ்சல் புயல் என்று அதற்கப்புறம் எவ்வளவோ வந்துவிட்டது. அதைக் கேட்க ஒருத்தரும் இல்லை. போன தடவை வந்த தம்பியிடம், "தடைக்காலத்துல வாப்பா, அப்ப சொல்ல நிறைய இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நிஜமாகவே நிறைய இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலம் என்று ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் விசைப்படகு போகாது. ஃபைபர் போட்டில் வருகிற கொஞ்ச மீனுக்கு ஏலத்தில் போட்டி. அம்மா எடுத்ததும் விலை கேட்க மாட்டார். கூடையில் கை விட்டு அடியில் ஐஸ் மீன் கலந்திருக்கிறதா என்று பார்ப்பார், செவுளைத் தூக்கிப் பார்ப்பார், பக்கத்தில் நிற்கிற அம்மா எவ்வளவு வரைக்கும் போவார் என்று முகத்தைப் பார்த்துக் கணக்குப் போடுவார். ஏலத்தில் அவரை ஏமாற்ற முடியாது என்று வியாபாரிகளே சொல்வார்கள். இதைப் பற்றி யாராவது கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார். யாரும் கேட்டதில்லை.

அக்கா, அந்த மீன்கார அம்மாவுக்கு நிகழ்ச்சி போவதற்கு முன்னால் போட்டுக் காட்டுங்கள். ஒலிபரப்பானதும் வாட்ஸ்அப்பில் ஆடியோவை அனுப்பி வையுங்கள். எங்களிடம் பேட்டி எடுத்தவர்கள் ஒருத்தர்கூட அனுப்பியதில்லை.

உப்பளம்வாசி:

எல்லோருக்கும் நன்றி. கெடிலக்கரை ஐயா, 100 வாட் கணக்கை அப்படியே நிலையத்தில் சொன்னேன். "மகளைப் பெண் பார்க்க வருகிறவர்கள்" என்றதும் மேலே இருப்பவர் வாயை மூடிக்கொண்டார். அவருக்கும் கல்யாண வயதில் பெண் இருக்கிறாள்.

மீன்கார அம்மாவை மார்க்கெட் ஓய்ந்த நேரத்தில் பார்த்தேன். ஹெட்போனில் முழுசாகக் கேட்டார். வீட்டுக்காரர் பகுதியை எடுக்கச் சொன்னார். கம்மல் அடகுக்குப் போனது இருக்கட்டும் என்றார். "அது நான் வெச்சது, நான்தான் மீட்டேன், அதை ஏன் எடுக்கணும்?" மகன் போன் செய்த விஷயமே அவருக்குத் தெரியாது. வில்லியனூர் சார், அழுகை ஒரு இடத்தில் இருக்கிறது. அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதனால் வைத்திருக்கிறேன்.

மில்காரரிடம் மறுபடி போனேன். கிளாஸ் கழுவிக்கொண்டே பேசினார். பேத்தி, உதட்டசைவு எல்லாம் வந்தது, முதல் நாள் மிஞ்சின பாலைத் தெருநாய்க்கு ஊற்றியதும் வந்தது. இப்போது புதுப் பிரச்சினை: கிளாஸ் மோதும் சத்தம் குரலைவிட அதிகமாகக் கேட்கிறது. ஒலிப்பதிவுக்காரர் ஏதாவது வழி சொல்லுங்களேன்.

ஒலிப்பதிவுக்காரன்:

எடுத்ததில் ஒன்றும் செய்ய முடியாது மேடம். குரலும் கிளாஸும் ஒரே அலைவரிசையில் முட்டிக்கொள்ளும். ஃபில்டர் போட்டால் குரலும் சேர்ந்து செத்துவிடும். ரொம்ப மோசமான இடங்களை வெட்டிவிட்டு மீதியை அப்படியே விடுங்கள், டீக்கடை என்று தெரியட்டும். அடுத்த தடவை காலர் மைக்கைச் சட்டையில் மாட்டிவிடுங்கள், கழுவுகிற தொட்டிக்கு அடியில் ஒரு சாக்கை மடித்துப் போடச் சொல்லுங்கள். பாதிச் சத்தம் குறைந்துவிடும்.