வாடகைப் பாத்திரக் கடை: பழைய சரக்கை மொத்தமாக வாங்கலாமா? ஞாயிறுக்குள் சொல்ல வேண்டும்

கோடைமழை (வியாழன், இரவு 9.40)
வணக்கம். விசேஷங்களுக்கு சேர், டேபிள், சாமியானா, பாத்திரம் வாடகைக்கு விடும் தொழிலில் இறங்கலாம் என்று இருக்கிறேன். கையில் 1,80,000 ரூபாய் இருக்கிறது. அதற்கு மேல் புரட்ட வழியில்லை. தெரிந்தவர் ஒருவர் கடையை மூடுகிறார். இருப்பதை எல்லாம் 1,60,000-க்கு எடுத்துக்கொள் என்கிறார். இன்னொரு ஆளும் கேட்டிருக்கிறாராம், ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு சொல்லச் சொல்லிவிட்டார். வாங்கலாமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

குன்னூர்ப்பந்தல் (வியாழன், இரவு 9.58)
எந்த ஊர் தம்பி? சரக்கு என்றால் என்னென்ன, எத்தனை உருப்படி? அவர் ஏன் மூடுகிறார்? இந்த மூன்றும் தெரியாமல் ஒன்றும் சொல்ல முடியாது.

ஒலிப்பெட்டி (வியாழன், இரவு 10.15)
சேரில் என்ன மிஞ்சும்? காசு சவுண்டில்தான் இருக்கிறது. ஒரு ஆம்ப், இரண்டு பாக்ஸ், கார்ட்லெஸ் மைக், கொஞ்சம் சீரியல் லைட் போதும். வைக்க ஒரு அறை இருந்தால் கடை நடத்தலாம். இருக்கிற பணத்தை அதில் போடுங்கள்.

கணக்குப்புலி (வியாழன், இரவு 10.31)
தொழில் தொடங்குகிறவர் முதலில் தாளை எடுத்துக் கணக்குப் போட வேண்டும், அப்புறம்தான் பொதுவில் வந்து கேட்க வேண்டும். இதை நான் இங்கே எத்தனையோ முறை எழுதியாயிற்று. வருடத்தில் எத்தனை முகூர்த்தம், ஒரு சேர் எத்தனை தடவை வெளியே போகும், வண்டிக்கூலி போக என்ன நிற்கும் என்று எழுதிக்கொண்டு வாருங்கள், பார்க்கலாம். ஜிஎஸ்டி பதிவு இல்லாமல் இதில் கால் வைக்கவே கூடாது.

ஹட்டிப்பையன் (வியாழன், இரவு 10.50)
புலி அண்ணா, அது சரியில்லை. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். இவர் கேட்கிற அளவுக்கு இப்போது தேவையே இல்லை. சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு போட்டு வைத்துக்கொள்ளட்டும், அதற்குக் கட்டணம் கிடையாது.

கோடைமழை (வெள்ளி, காலை 6.20)
மன்னிக்கவும், இங்கே எல்லாரும் நீலகிரிதானே என்று ஊரை எழுதாமல் விட்டுவிட்டேன். கோத்தகிரி, எஸ்டேட் பக்கம். சேர் 200, மடக்கு டேபிள் 12, சாமியானா 15-க்கு 15 நாலு, அதற்குக் கம்பி, கயிறு. அண்டா, தேக்சா, கடாய், கரண்டி எல்லாம் 300 பேருக்குச் சமைக்கிற அளவு. எவர்சில்வர் தட்டு, டம்ளர் மூட்டையில் இருக்கிறது, எண்ணவில்லை. அவருக்கு முழங்கால் முடியவில்லை, பையன் திருப்பூரில் இருக்கிறான். அதனால்தான் மூடுகிறார்.

குன்னூர்ப்பந்தல் (வெள்ளி, காலை 8.05)
இப்போது பேசலாம். நான் 22 வருடம் இந்தத் தொழிலில் இருந்தவன். மொத்தமாக விலை பேசாதே தம்பி, உருப்படி வாரியாகப் பேசு.

சாமியானாவை மடித்தபடி பார்க்காதே. வெயில் வரும் நேரமாகப் போய், நாலையும் தரையில் விரிக்கச் சொல். மடிப்பு விழுந்த இடத்தில் மிளகு தூவியதுபோலக் கறுப்புப் புள்ளி இருந்தால் பூஞ்சணம் ஏறிவிட்டது. துவைத்தாலும் போகாது. மூலை வளையத்துக்குப் பக்கத்தில் தையலை இரண்டு கட்டைவிரலாலும் இழுத்துப் பார். நூல் பொடியாக உதிர்ந்தால் அந்தத் துணி ஒரு மழையைத் தாங்காது. நம் பக்கம் ஐப்பசி கார்த்திகை மழை எப்படி என்று உனக்குத் தெரியும். அந்த இரண்டு மாதம் வெளியே போன துணி ஈரத்தோடுதான் திரும்பி வரும், காயப்போட வெயில் இருக்காது. என்னிடம் ஒரே சீசனில் ஆறு துணி வீணாய்ப் போனது. அதன் வருத்தம் இன்னும் எனக்கு உண்டு.

சேரை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார். கால், உட்காரும் பலகையோடு சேரும் இடத்தில் வெள்ளையாக மயிரிழைக் கோடு தெரியும். தெரிந்தால் தள்ளிவிடு. மலை வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் வெளுத்து மொடமொடவென்று ஆகிவிடும். கல்யாண வீட்டில் ஒரு பெரியவர் உட்கார்ந்து உடைந்து விழுந்தால், அந்த ஊரில் உனக்கு அடுத்த ஆர்டர் கிடையாது.

சரக்கை எங்கே வைப்பாய்? வண்டி உண்டா? அதைச் சொல்லவில்லையே.

சமையல்கட்டு (வெள்ளி, காலை 9.12)
தம்பி, நான் சமையல் கான்ட்ராக்ட் எடுப்பவள். என்னைக் கேட்டால் அந்த எண்ணாத மூட்டைதான் உங்கள் முதல். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு முழுக்க பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப், தட்டு, மேசை விரிப்பு எல்லாம் தடை. நம் மாவட்டத்தில் அதற்கும் முன்பிருந்தே கெடுபிடி. வாட்டர் பாட்டிலுக்கும் இங்கே தடை இருக்கிறது. அப்படியானால் 300 பேருக்குத் தண்ணீரும் காபியும் எதில் கொடுப்பது? ஒவ்வொரு விசேஷத்துக்கும் டம்ளருக்கு நான் அலைகிறேன். குழாய் வைத்த எவர்சில்வர் டிரம் இரண்டு, டம்ளர் 500, தட்டு 300 வைத்திருந்தால் சாமியானா இல்லாமலேயே உங்களைத் தேடி வருவார்கள். டம்ளர் மழையில் நனைந்தால் கெடாது, குளிரில் பூஞ்சணம் பிடிக்காது.

ஒன்று மட்டும் கவனம். போகும்போது பத்துப் பத்தாக அடுக்கி எண்ணிக் கொடுங்கள், வரும்போது அவர்கள் எதிரிலேயே எண்ணி வாங்குங்கள். மறுநாள் எண்ணினால் 20 குறையும், கேட்டால் மனக்கசப்பு வரும். பாத்திரத்தில் பழைய கடைக்காரர் பெயர் வெட்டியிருக்கும். அதை அழிக்க வேண்டாம், பக்கத்தில் உங்கள் எழுத்து இரண்டை வெட்டிக்கொள்ளுங்கள்.

கூடலூர்மழை (வெள்ளி, காலை 10.40)
துணிச் சாமியானாவே மலைக்குச் சரிவராது. தகரப் பந்தல் போடுங்கள். எங்கள் பக்கம் ஆனி ஆடியில் துணி கட்டினால் நடுவில் தண்ணீர் தேங்கித் தொப்பை விழுந்து கம்பியோடு சாயும்.

குன்னூர்ப்பந்தல் (வெள்ளி, காலை 11.02)
கூடலூர் மழைக்கு அது சரி. எஸ்டேட் லயனுக்கு, அதான் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, தகரத்தை யார் சுமப்பது? பல லயனில் வண்டி ரோட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து தலைச்சுமைதான்.

ஹட்டிப்பையன் (வெள்ளி, பகல் 12.15)
வாடிக்கையாளர் யார் என்பதையும் யோசியுங்கள் அண்ணா. எங்கள் ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், சமுதாயக் கூடத்திலேயே ஊர்ப் பாத்திரம் இருக்கிறது, கல்யாணத்துக்கும் சாவுக்கும் அதுதான். ஹெத்தையம்மன் திருவிழா சமயத்தில் மட்டும் சேரும் கூடுதல் பாத்திரமும் வெளியே எடுப்போம். உங்களுக்கு லயனும் டவுனும் சர்ச்சும்தான் பெரிய வேலை தரும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, ஆனால் சாவுக்கு மாதம் கிடையாது. ராத்திரி 2 மணிக்குக் கூப்பிட்டாலும் 50 சேர் கொண்டுபோய் இறக்குபவரைத்தான் ஜனங்கள் மறக்க மாட்டார்கள்.

ஒலிப்பெட்டி (வெள்ளி, பகல் 12.40)
சாவு வீட்டுக்கும் மைக் வேண்டும்.

சமையல்கட்டு (வெள்ளி, பகல் 1.05)
ராத்திரி 10 மணிக்கு மேல் காலை 6 வரை ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது, பகலில் வைக்கவும் அனுமதி வாங்க வேண்டும். கையில் இருக்கும் பணம் முழுவதையும் அதில் போடச் சொல்லாதீர்கள்.

ஊட்டிவாசி (வெள்ளி, மாலை 4.20)
அண்டாவையும் யோசித்து வாங்குங்கள். மலையில் அண்டாவில் சோறு சரியாக வேகாது. எல்லாரும் பெரிய குக்கருக்கு மாறிவிட்டார்கள்.

சமையல்கட்டு (வெள்ளி, மாலை 4.33)
யார் சொன்னது? போன வாரம்கூட ஊட்டியில் 400 பேருக்கு அண்டாவில் வடித்தேன்.

ஊட்டிவாசி (வெள்ளி, மாலை 4.41)
வெந்திருக்கும், எவ்வளவு நேரத்தில் என்று சொல்லுங்கள்.

கணக்குப்புலி (வெள்ளி, மாலை 5.10)
இதற்குச் சண்டை வேண்டாம், அடிப்படை இயற்பியல்தான். ஏறக்குறைய 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஒரு டிகிரி குறையும். ஊட்டி 2,240 மீட்டர், அங்கே தண்ணீர் 93 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். கோத்தகிரி 1,800-க்குப் பக்கம், அங்கே 94. நேரம் கூடும், வேகாமல் போகாது.

ஊட்டிவாசி (வெள்ளி, மாலை 5.22)
மூடி போட்டு மேலே கல்லை வைத்தால் சூடு ஏறுமே.

கணக்குப்புலி (வெள்ளி, மாலை 5.30)
ஏறாது. ஆவி கசிகிற மூடியில் அழுத்தம் நிற்காது. விறகோ கேஸோ மிச்சமாகும், அவ்வளவுதான்.

சமையல்கட்டு (வெள்ளி, மாலை 6.02)
இதைத்தான் நானும் சொல்கிறேன். அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்துப் போட்டால் நேரமும் அவ்வளவு கூடாது. உண்மையான தொல்லை சிலிண்டர்தான். மார்கழிக் குளிரில் 19 கிலோ சிலிண்டர் மேலே பனி படிந்து, பாதி வேலையில் தீ இறங்கிவிடும். இரண்டு சிலிண்டரைச் சேர்த்து இணைக்கிற குழாய் அடுப்போடு வாடகைக்குக் கொடுத்தால் நானே எடுப்பேன்.

கூடலூர்மழை (வெள்ளி, மாலை 6.40)
கேட்டவர் ஞாயிறுக்குள் பதில் சொல்ல வேண்டும். சோறு வேகிறதா என்பதை வேறு இழையில் பேசலாம்.

ஹட்டிப்பையன் (வெள்ளி, இரவு 7.15)
ஒரு எச்சரிக்கை. பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் மானியக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால், கடையைத் திறக்கும் முன்பே விண்ணப்பியுங்கள். புதிய தொழிலுக்குத்தான் அது, ஏற்கெனவே நடக்கிற கடைக்குக் கிடையாது. மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். சின்னத் தொகை போதும் என்றால் முத்ரா கடனில் சிசு பிரிவு, 50,000 வரை, அடமானம் வேண்டாம்.

மஞ்சூர்க்குளிர் (வெள்ளி, இரவு 8.30)
2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வந்துவிட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வந்து கடை போடுபவர்கள் இனி குறைவார்கள். இவர் தைரியமாக வாங்கலாம்.

குன்னூர்ப்பந்தல் (வெள்ளி, இரவு 8.52)
பாஸ் இலவசம், போனிலேயே எடுத்துவிடலாம். அதை நம்பிப் பணம் போடக் கூடாது. கீழே இருந்து வருபவனுக்கு மலையேறும் டீசல் செலவு இருக்கிறது, ராத்திரி அவசரத்துக்கு அவனால் வர முடியாது. உள்ளூர்க்காரனுக்கு அந்த இரண்டும்தான் பலம்.

தம்பி, வண்டி, குடோன் கேட்டேனே?

குன்னூர்ப்பந்தல் (சனி, மாலை 5.40)
பார்த்தாயா? துணியை விரித்துப் பார்த்தாயா?

கோடைமழை (செவ்வாய், இரவு 9.15)
வாங்கிவிட்டேன். விரித்ததில் மூன்று சாமியானாவில் கறுப்புப் புள்ளி, துணியே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சேர் 140 தேறியது. பாத்திரம், டேபிள், மூட்டை எல்லாம் சேர்த்து 92,000-க்கு முடிந்தது. மூட்டையில் டம்ளர் 310, தட்டு 260. மீதிப் பணத்தில் டிரம் இரண்டு சொல்லியிருக்கிறேன். மாமா வீட்டு மாட்டுக்கொட்டகை காலியாக இருக்கிறது, அதில் வைத்திருக்கிறேன். வண்டிக்குத் தெரிந்த குட்டி யானை. இப்போதுதான் லயனிலிருந்து போன் வந்தது, சாவு, 60 சேர். கிளம்புகிறேன். எல்லாருக்கும் நன்றி, அக்காவுக்கும் பந்தல் அண்ணனுக்கும் ரொம்ப நன்றி.

சமையல்கட்டு (செவ்வாய், இரவு 9.21)
60 சேரோடு டம்ளர் 100 எடுத்துப் போங்கள். கேட்க மறந்திருப்பார்கள், ராத்திரி முழுக்க அங்கே காபி ஓடும்.

குன்னூர்ப்பந்தல் (செவ்வாய், இரவு 9.34)
கொட்டகைத் தரையில் பலகை போட்டு அதன் மேல் அடுக்கு தம்பி. ஓதம் ஏறும்.